கடல்கட்டிக்கு எவ்வளவு சம்பளம்?

மருமவனே, உன் கம்பெனி வளந்துட்டுன்னு ஊருக்குள்ள பேச்சு. பெரிய போர்டு மாட்டியிருக்கேங்கதுக்காகச் சொல்லல. முன்னெல்லாம் ஏதாவது கெட்டுப்போனா ஒருத்தன் ஓடிப்போய்ச் சரிபண்ணிட்டு வந்து டீ குடிப்பான். இப்பம் ஒம்பது பேரு ஒரு ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு, யாரு ஓடணும்னு பேசுதாவளாம். வளர்ச்சின்னா இதுதாம்லே. சந்தோசம்.

நேத்து வந்து, "மாமா, ஆளு கூடக் கூட வேலை இழுத்துக்கிட்டே போவுது, புராசஸ் சரியில்ல, நீங்க பெரியவங்க, ஏதாவது சொல்லுங்க"ன்னே. கம்ப்யூட்டர் படிச்ச புள்ள, சங்கு கிட்டங்கியில எடுபிடியாக் கெடந்தவன்கிட்ட யோசனை கேக்குதுன்னா, ஒண்ணு அதுக்குப் புத்தி வந்திருக்கணும், இல்ல கன்சல்டண்டுக்குக் குடுக்கத் துட்டு தீந்திருக்கணும். ரெண்டாவதுதான்னு உங்க அம்மா சொன்னா. பரவாயில்ல. நான் துட்டு வாங்க மாட்டேன். ஏசுவேன், அவ்வளவுதான்.

மொதல்ல கடல்கட்டி கதையைக் கேளு. 700 வருசத்துக்கு மேல ஆச்சு, மார்க்கோ போலோன்னு வெனிஸ் ஊர்க்காரன் ஒருத்தன் நம்ம கடக்கரை முத்துக்குளிப்பைப் பத்தி எழுதி வச்சிட்டுப் போயிருக்கான். குளிக்க இறங்குதவனைச் சுறா தொடாம இருக்க, மந்திரம் போட்டுக் கடலைக் கட்டுறதுக்குன்னே ஆள் உண்டாம். எடுத்ததுல இருபதுல ஒரு பங்கு அவனுக்கு. ராசாவுக்கே பத்துல ஒண்ணுதான், பாத்துக்கோ. இதுல எனக்குப் பிடிச்ச இடம் என்னன்னா, கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாஞ்சதும் மந்திரத்தை அவனே அவுத்து விட்டுருவானாம். ராத்திரி எவனும் திருட்டுத்தனமா இறங்கிரப்புடாதுங்கதுக்காம். எனக்கு என்னமோ, மறுநாளும் சோலி வேணும்லா, அதுக்குன்னுதான் தோணுது.

உன் ஆபீசுக்கும் ஒருத்தர் வந்தாருல்ல, ஸ்கிரம் சர்ட்டிபிகேட்டைச் சட்டையில குத்திக்கிட்டு? அவரு இருந்த மூணு மாசமும் எல்லாரும் காலையில வட்டமா நின்னீங்க. செவுரு நிறைய மஞ்சக் காகிதம். அவரு ரயிலேறின மறுவாரம் பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிட்டு. இப்பமும் நிக்கீங்க, இல்லங்கல. நின்னுக்கிட்டே மொபைலைப் பாக்குதீங்க.

சும்மா சொல்லப்புடாது, கடல்கட்டியை நான் முழுசாத் தள்ளவும் மாட்டேன். மந்திரத்தை நம்பாத வெள்ளைக்காரச் சர்க்காரே ரொம்ப காலம் அவனைச் சலாபத்துல, அதான் முத்துக்குளிப்புல, வச்சிருந்துது. அவன் கரையில உக்காராம ஒருத்தனும் தண்ணியில கால் வைக்க மாட்டேன்னுட்டான், என்ன செய்ய? ஆளு தைரியமா இறங்கணும்லா. உன் மஞ்சக் காகிதமும் தைரியத்துக்கு ஆகும். சுறாவுக்கு ஆகாது. அந்த ஸ்கிரம்காரரு கொண்டாந்த அஜைல் சங்கதியையே எடுத்துக்கோ. 2001ல அமெரிக்காவுல யூட்டா மலைப்பக்கம் 17 பேரு கூடி, ஒரே பக்கத்துல எழுதி வச்சது. கருவியையும் முறையையும் விட ஆளும் அவங்க கலந்து பேசுறதும் பெருசுன்னு அதுல மொத வரியிலேயே சொல்லியாச்சு. அந்த ஒரு பக்கத்தைக் காட்டித்தான் உனக்கு நாலு கருவியும் நாப்பது ஃபாரமும் வித்துட்டுப் போயிருக்காவ. கெட்டிக்காரங்க.

சரி, சலாபத்துக்கு வாரேன். நம்ம தூத்துக்குடியில கடைசிச் சலாபம் 1961ல நடந்துது. அப்ப நான் அரைடவுசர். என்ன நினைக்கே, கடலுக்குள்ள சிப்பி கெடக்குன்னு தெரிஞ்சா உடனே தோணியை எடுத்துக்கிட்டு ஊரே பாஞ்சிரும்னா? தொலாயிரம் பாருன்னு சிப்பி கெடக்குத ஒரு பார் உண்டு, தெரியும்லா? அந்த மாதிரி ஒவ்வொரு பார்லயும் முன்கூட்டியே சர்க்கார் ஆளு போய் மாதிரிச் சிப்பி எடுப்பாவ. அதை அழுக விட்டு, அலசி, முத்தைப் பொறுக்கி, சலிச்சுத் தரம் பிரிச்சு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூவா தேறும்னு மதிப்புப் போட்ட பொறவுதான் சலாபம் உண்டா இல்லையான்னு அறிவிப்பு. சிப்பிக்கு நாலு வயசாவது ஆகணும். அதுக்கு முந்தி எடுத்தா உள்ள ஒண்ணும் இருக்காது. ஆறு ஏழு வயசு வரைக்கும் விட்டுட்டா சிப்பி செத்து, முத்து மண்ணோட மண்ணாப் போயிரும். அவசரமும் ஆகாது, ஆறப் போடுறதும் ஆகாது.

இதுல முக்கியமான சங்கதி அந்த "இல்லை"தான். மாதிரி எடுத்துப் பாத்துட்டு இந்த வருசம் இல்லைன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்காவ. வருசக் கணக்கா, சில சமயம் பத்து இருவது வருசம் கூட, வரிசையா இல்லை இல்லைன்னு போயிருக்கு. 1961க்குப் பொறவு இன்னைக்கு வரைக்கும் இல்லைதான். அந்த இல்லையைச் சொன்னவனுக்கு மாசாமாசம் சம்பளம் உண்டு, பென்சனும் உண்டு. உன் கம்பெனியில இல்லைன்னு சொல்லுத புள்ளைக்கு என்ன உண்டு? "நெகட்டிவ் ஆளு"ன்னு பட்டம் உண்டு. இன்கிரிமென்ட்டுல கால்வாசி போச்சு.

உன் வெள்ளிக்கிழமை கதை எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுராதே. உன் புரோகிராம் ஓடுத லாரி யார்டு இருக்குல்ல, நம்ம தெருப் பையன்தான் அந்த கேட்டுல வாட்ச்மேன். சாயங்காலம் அஞ்சரைக்குப் புது வெர்சனை ஏத்திட்டு நீங்கெல்லாம் பரோட்டாக் கடைக்குப் போயிட்டீங்க. ஆறு மணிக்கு மொத லாரி வந்து நிக்கி. நம்ம டிஎன் 69 வண்டிதான். எப்பவும் போல டிஎன், பொறவு கொஞ்சம் இடம் விட்டு 69ன்னு அடிச்சிருக்கான். கேட் பாஸ் வரல. சிவப்பு எழுத்துல என்னமோ இங்கிலீசுல ஏசுதாம் மெசினு. திரும்ப அடிக்கான், திரும்ப ஏசுது. ஏழு மணிக்கு லாரி வரிசை ரோடு வரைக்கும் வந்துட்டு. ஒரு கிளீனர் பையன் வண்டிக்கடியில அடுப்பு மூட்டிச் சோறு பொங்க ஆரம்பிச்சிட்டான்னா பாத்துக்கோ. கடைசியில வாட்ச்மேன் தன் மவளோட நாப்பது பக்க நோட்டைக் கிழிச்சு, கார்பன் வச்சு, கையால பாஸ் எழுதி வண்டியை விட்டான். அந்த இடைவெளியை உன் புரோகிராம் ஏத்துக்கலைங்கது பத்து மணிக்குத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது.

ஏம்லே சோதிச்சுப் பாக்கலைன்னு நான் கேட்டதுக்கு, "டெஸ்ட் பண்ணினோம் மாமா"ன்னே. யாரு? எழுதின அதே பையன். என்ன நம்பர் போட்டான்? ஏபிசி1234. தூத்துக்குடியில ஏபிசின்னு எந்த வண்டிலே ஓடுது?

அந்தக் காலத்துல எழுத்துக் கூட்டத் தெரியாதவன் இதுக்கு என்ன வழி வச்சிருந்தான்னு பாரு. அக்கரையில, இலங்கை மன்னார்ப் பக்கம் சலாபம் நடக்கும்போது, கொட்டுன்னு ஒரு அடைப்பு உண்டு. குளிச்சவன் தன் சிப்பியை அங்க கொண்டாந்து சமமா மூணு குவியலா வைக்கணும். சர்க்கார் ஆளு வந்து எந்த ரெண்டு வேணும்னு காட்டுவான். மிச்சம் ஒண்ணு குளிச்சவனுக்கு. எது தனக்கு மிஞ்சும்னு தெரியாதுலா, அதனால ஒரு குவியலைக் கொழுக்க வச்சு ஏமாத்த வழியில்ல. பங்கு வைக்கிறவன் வேற, எடுக்கிறவன் வேற. இதுக்கு ஒரு பக்கம் புராசஸ் டாக்குமெண்ட் உண்டா? ஒரு வரி கிடையாது.

சங்குக்கும் இதே கதைதான். கிட்டங்கியில ஓட்டை போட்ட அளவுப் பலகை ஒண்ணு கெடக்கும். சங்கை அதுல விட்டுப் பாப்பாவ. ஓட்டை வழியா நழுவிட்டா அது குஞ்சு, உயிரோட திரும்பக் கடலுக்கு. கொண்டு வந்தவன் தண்டலோட மச்சினனா, சங்கத் தலைவரோட மவனான்னு பலகைக்குத் தெரியாது. உன் ஆபீசுல அளவுப் பலகை இருக்கு, நானே பாத்தேன், கம்ப்யூட்டர்ல பச்சை விளக்கு சிவப்பு விளக்குன்னு மினுக்குது. சிவப்பு எரிஞ்சா என்ன செய்யுதீங்க? "கஸ்டமர் பெரிய ஆளு, இந்தத் தடவை மட்டும்"னு விளக்கை அணைச்சிட்டு ஏத்துதீங்க. அப்படின்னா கரண்டு பில்லாவது மிச்சமாகட்டும், விளக்கையே கழட்டிரு.

உன்னை மட்டும் ஏசி என்ன செய்ய? உலகமே அப்படித்தான் கெடக்கு. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? அதுவும் வெள்ளிக்கிழமைதான். கிரவுட்ஸ்ட்ரைக்குன்னு பெரிய கம்பெனி, அடுத்தவன் கம்ப்யூட்டருக்குக் காவல் காக்கிறதே அவன் தொழில். நம்ம நேரத்துக்குக் காலை ஒம்பதே முக்கால் வாக்குல ஒரு சின்ன ஃபைலை உலகம் பூரா ஒரே மூச்சுல அனுப்பினான். 21 விவரம் எதிர்பாக்குத இடத்துக்கு 20தான் போய்ச் சேந்துது. 85 லட்சம் விண்டோஸ் மெசினு நீலத்திரை காட்டிப் படுத்துட்டு. ஒண்ணேகால் மணி நேரத்துல ஃபைலைத் திருப்பி வாங்கிட்டான், ஆனா படுத்த மெசினை ஒவ்வொண்ணாத்தான் எழுப்ப வேண்டியிருந்துது. நம்ம நாட்டு ஏர்போர்ட்டுல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாவ. நம்ம வாட்ச்மேன் மாதிரியேதான், என்ன, அவங்களுக்கு அச்சடிச்ச அட்டை இருந்துது. மொதல்ல ஒரு நூறு மெசினுக்கு அனுப்பிப் பாத்திருந்தா அந்த நூறோட போயிருக்கும். மாதிரிச் சிப்பிங்கது இதுதாம்லே.

இனி, ஆளு கூடக் கூட வேலை ஏன் இழுக்குன்னு கேட்டேல்லா. அதுக்குப் பதில் உன் மேசையிலேயே இருக்கு. மானிட்டருக்கு அடியில முட்டுக் குடுத்திருக்கியே ஒரு புத்தகம், பிரெட் புரூக்ஸ்னு ஐபிஎம் கம்பெனியில பெரிய வேலை பாத்தவரு 1975ல எழுதினது. தாமதமாகிப் போன சாப்ட்வேர் வேலையில மேல ஆளைப் போட்டா இன்னும் தாமதமாகும்னு அவரு பட்டுத் தேறிச் சொல்லியிருக்காருன்னு நீதான் எனக்குச் சொன்னே. படிச்சிருக்கே, அதுக்கு மேல மானிட்டரையும் வச்சிருக்கே. நல்ல உயரம்.

சலாபத் தோணியில பத்துப் பேரு குளிக்க உண்டுன்னா, அவங்களை அடிக்கு இழுத்துட்டுப் போற கல்லு அஞ்சு. ஒரு கல்லுக்கு ரெண்டு பேரு, மாத்தி மாத்தி. ஒருத்தன் அடியில இருக்கும்போது இன்னொருத்தன் மூச்சு வாங்குவான். மேல கயிறு பிடிக்க ஆளு தனி. ஒரு நிமிசம், மிஞ்சினா ஒண்ணரை நிமிசம், அதுக்குள்ள கீழ இருந்து ஒரு சுண்டு சுண்டினா மேல இழுத்துரணும். இருபது பேரைக் கூடுதலா ஏத்திக்கிட்டுப் போய்ட்டு, கல்லும் அதே அஞ்சு, கயிறு பிடிக்கவும் அதே ஆளுன்னா என்ன ஆகும்? சிப்பி கூடாது, பொணம்தான் கூடும். உன் ஆபீசுல இந்த வருசம் குளிக்க எத்தனை பேரை எடுத்தே? கயிறு பிடிக்க எத்தனை பேரு? எழுதினதைப் பாத்துச் சொல்லுத ரெண்டு மூத்த ஆளுங்க இருந்தாவளே, அவிய ரெண்டு பேருதானே இப்பமும்? ஒரு நாளைக்கு நாப்பது பேரு எழுதினது அவங்க முன்னால வந்து நிக்கி. அவியளும் மனுசங்கதானே, படிக்காமலே "நல்லா இருக்கு"ன்னு தட்டி விடுதாவ, சாப்பிடப் போகணும்லா.

கயித்தை மச்சினன் கையிலதான் குடுப்பாவ, அக்கா தங்கச்சி தாலியறுந்துரும்னு அவன் கண்ணு அசர மாட்டான்னு நம்ம பக்கம் சொல்லுவாவ. உன் ஆபீசுல எல்லாரும் சம்மந்தம் பண்ணிக்கோங்கன்னு நான் சொல்லல, ஏற்கெனவே ரெண்டு காதல் ஓடுதுன்னு கேள்வி. "நல்லா இருக்கு"ன்னு தட்டி விட்டவனுக்கும் ராத்திரி பத்து மணிக்கு போன் போகணும், அவ்வளவுதான். எழுதினவன் மட்டும் முழிச்சுக் கெடந்தா மத்தவன் எதுக்குலே படிக்கப் போறான்?

இன்னொண்ணு விட்டுப்போச்சு. விடியக்காலம் அடையாளம் காட்டின பொறவுதான் பார் மேல குளிப்பு ஆரம்பிக்கும். நடுப்பகல்ல நிறுத்தச் சொல்லி மறுபடி அடையாளம். அதுக்கு மேல ஒரு குளி கிடையாது, எவ்வளவு சிப்பி கெடந்தாலும் சரி. மூச்சு ஓஞ்சவன் கீழ போனா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து எழுதுத புள்ளைக்கு நீ பீட்சா வாங்கிக் குடுத்து, மறுநாள் மீட்டிங்குல கை தட்டுதே. அவன் அந்த ராத்திரி எழுதி வச்சதைத் திருத்த நாலு பேரு நாலு நாள் உக்காந்தாவளே, அவியளுக்கு யாரு பீட்சா?

இவ்வளவும் சொல்லிட்டு, முறை மட்டும் இருந்தாப் போதும்னு நான் சொல்லப் போறதில்ல. இலங்கைப் பக்கத்துக் கதை ஒண்ணு இருக்கு, அதைக் கேட்டுட்டுப் போ. 1905ல மன்னார்ப் பார்கள்ல வந்த பாடு மாதிரி அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. 8 கோடிக்கு மேல சிப்பி. அதைப் பாத்து லண்டன்ல துட்டுள்ளவங்க சேந்து சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சு, 1906ல 20 வருசக் குத்தகைக்கு அந்தக் கடலையே எடுத்தாவ. வருசத்துக்கு 3,10,000 ரூவா குத்தகைப் பணம். அறிவுக்கு என்ன குறைச்சல்? ஹெர்ட்மன்னு லிவர்பூல் பேராசிரியர் வந்து ஆராய்ஞ்சு எழுதின அறிக்கை அஞ்சு பாகம், லண்டன் ராயல் சொசைட்டி அச்சுப் போட்டுது. அவரு கூட வேலை பாத்த ஹார்னெல் பொறவு நம்ம சென்னை மாகாணத்துக்கே வந்து முத்துக்கும் சங்குக்கும் அதிகாரியா இருந்தாரு. குஞ்சுச் சிப்பியை இடம் மாத்திப் போட்டுப் பாத்தாவ. எல்லாம் செஞ்சாவ. 1903ல இருந்து 1907 வரைக்கும் அஞ்சு வருசம் தொடர்ந்து குளிப்பு நடந்துது. அதுக்குப் பொறவு ஒண்ணுமில்ல. 1912ல கம்பெனியை இழுத்து மூடினாவ. அக்கரையில மறுபடி சலாபம்னு ஒண்ணு வந்தது 1925ல.

எதனால சிப்பி போச்சுன்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுவாவ. எனக்கு அந்தக் குத்தகைப் பணத்து மேலதான் கண்ணு. வருசா வருசம் கட்டணும்னு கையெழுத்துப் போட்டவன், மாதிரிச் சிப்பி என்ன சொன்னாலும் இந்த வருசம் இல்லைன்னு சொல்ல மனசு அவனுக்கு வருமாலே? கடலுக்குக் குத்தகைக் கணக்கு தெரியுமா? நீ போன வருசம் மும்பைக்காரன்கிட்ட முதலீடு வாங்கினதை ஊரே கொண்டாடிச்சு. நானும் மக்ரூன் தின்னேன். அவனுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா எத்தனை ஃபீச்சர் வெளியிடுதேன்னு எழுதிக் குடுத்தியே, அது முதலீடு இல்லலே, குத்தகை.

பக்கத்துல தென்காசி மத்தளம்பாறையில சோகோ இருக்கே, போய்ப் பாரு. 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்ச கம்பெனி. வெளி ஆள் முதலீடு வாங்காமலே வளந்துது. 2011ல தென்காசிக்கு ஆபீசைக் கொண்டாந்தாவ. அவங்க செய்யுதது எல்லாம் சரின்னு நான் சொல்ல வரல, எனக்கு என்ன தெரியும். இந்த வருசம் வேண்டாம், அடுத்த வருசம் பாப்போம்னு சொல்ல அவங்களுக்கு ஒருத்தன்கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டியதில்ல, அது மட்டும் தெரியும். நீ இனி வாங்கினதைத் திருப்பவா முடியும்? எழுதிக் குடுத்ததையாவது மாத்தி எழுது. எத்தனை வெளியிட்டோம்னு இல்லாம, வெளியிட்டதுல எத்தனை ஒழுங்கா ஓடுதுன்னு கணக்குக் காட்டுதேன்னு சொல்லிப் பாரு. அவனும் துட்டுக்காரன்தானே, ஓடாத தோணிக்கு வாடகை கேக்க மாட்டான்.

2024 டிசம்பர் கடைசியில முதலமைச்சரு வந்து நம்ம ஊருலயே டைடல் நியோ திறந்து வச்சிட்டுப் போயிருக்காரு. இனி உன்ன மாதிரி இன்னும் நிறையப் பேரு வருவாவ. அங்க பெரிய இடம் பாக்கப் போறேன்னு சொன்னே. தாராளமாப் போ. ஆனா அதுக்கு முன்னால, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள, ஒரு சோலி செய்யி. இன்னைக்கு ஏத்த வேண்டாம்னு சொல்லுத உரிமை யாருக்குன்னு ஒரே ஒரு பேரை எழுதி, அந்த மஞ்சக் காகிதத்தையெல்லாம் கிழிச்சிட்டு அங்க ஒட்டு. அது உன் பேரா இருக்கப்புடாது. விக்கப் போறவன் பேராவும் இருக்கப்புடாது. அந்தப் புள்ளை ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்லி, நீயும் மூச்சுக் காட்டாம அடங்கின பொறவு வந்து என்னைப் பாரு. வரும்போது மக்ரூன் வாங்கிட்டு வா. போன தடவை மாதிரி நமத்துப் போனதை என் தலையில கட்டாதே. ஒண்ணை வாயில போட்டுப் பாத்துட்டு வாங்குலே, கடைக்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டான்.